கொம்பன் வரும் வழி

கதைகளில் வரும் காட்டுப்பன்றிகளில் மூன்றை என்னால் மறக்க முடிந்ததில்லை. ஒன்று அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில், பென் பல்பன் மலையில் திரிந்தது. டியர்முய்ட் என்ற பேரழகனைக் குத்திச் சாய்த்தது அதுதான். இரண்டாவது வேல்ஸ் நாட்டுக் கதையில் வரும் டூர்க் ட்ரூயித். காதுகளுக்கு நடுவே சீப்பையும் கத்தரிக்கோலையும் சுமந்துகொண்டு ஓடி, ஆர்தர் அரசனின் படையையே அலைக்கழித்தது. மூன்றாவது நம் அண்ணன்மார் கதையில் வரும் கொம்பன். வீரமலைக் காட்டிலிருந்து இறங்கி, அண்ணன் தம்பியான பொன்னர் சங்கரின் வயல்களை உழுதுபோட்டவன். பெரம்பலூர்ப் பக்கத்து எங்கள் பாடாலூரிலிருந்து தெற்கே திருச்சி போய், மணப்பாறை வழியாக வீரப்பூருக்குப் போனால் அவன் திரிந்த காட்டின் ஓரத்தில் நிற்கலாம்.

பன்றியோடு ஒற்றுமை முடியவில்லை. குத்துப்பட்டுக் கிடக்கும் டியர்முய்டைப் பிழைக்கவைக்கும் ஆற்றல் ஃபின் என்ற தலைவனுக்கு உண்டு. தன் கையால் தண்ணீர் அள்ளிக் கொடுத்தால் போதும். ஃபின்னுக்குப் பழைய வன்மம். இரண்டு முறை அள்ளி இரண்டு முறையும் விரலிடுக்கில் ஒழுகவிடுகிறான். மூன்றாம் முறை கொண்டுவருவதற்குள் உயிர் போய்விடுகிறது. நம் கதையில் படுகளத்தில் விழுந்து கிடக்கும் அண்ணன்மாரான பொன்னர் சங்கரை எழுப்ப அவர்கள் தங்கை தங்காள் தண்ணீரோடு வருகிறாள். அவள் கையில் நீர் ஒழுகுவதில்லை. செத்தவர்கள் கண் திறந்து தங்கையோடு பேசிவிட்டு மறுபடி கண் மூடுகிறார்கள். எத்தனையோ கடல்களுக்கு அப்பாலிருக்கும் இரண்டு கூட்டத்தார் சாவையும் உறவையும் ஒரு கை தண்ணீரில் வைத்து யோசித்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரே வேர் என்று நான் சொல்ல வரவில்லை. பன்றி வயலை அழிக்கும் ஊரிலெல்லாம் பன்றிக் கதை இருக்கும். எனக்கு ஆவல் வேறொன்றில். இப்படிப்பட்ட கதைகளை இன்றைக்குக் கையில் எடுக்கும் ஓவியரும் சிற்பியும் படம் எடுப்பவரும் கதை சொல்பவரும் எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள்? பல வருடமாக இதையே பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சம்பவங்களை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் தோற்றிருக்கிறார்கள். கதை எந்த உருவில் வாழ்ந்ததோ அந்த உருவின் இலக்கணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள்.

அண்ணன்மார் கதையின் உருவம் உடுக்கை. இடை சிறுத்த அந்தச் சின்ன மேளத்தை ஒரு கையில் பிடித்து, கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் குரலை ஏற்றி இறக்குவார்கள். தலைமைப் பாடகர் ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர். கொஞ்சம் பாட்டு, பிறகு வசனம், மறுபடி பாட்டு. பின்பாட்டுக்காரர் சும்மா இருப்பதில்லை. ‘ஆமா’ போட்டுக்கொண்டே இருப்பார், சில இடத்தில் கேள்வியும் கேட்பார். அந்த ‘ஆமா’தான் கதையை நடத்துகிறது என்பேன். கூட்டத்தின் சார்பாக ஒருவர் மேடையிலேயே உட்கார்ந்து கேட்கிறார். முக்கியமான செய்தி எதுவும் ஒரு தடவையோடு போகாது, திரும்பத் திரும்ப வரும். தூங்கி விழித்தவருக்கும் கதை விட்டுப்போகக் கூடாது. இரவு முழுக்க நடக்கும் ஒரு கலை இப்படித்தான் இருக்க முடியும்.

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். 1965இல் அங்கே ஒரு பாடகர் இந்தக் கதையைப் பாட, டேப்பில் பதிவு செய்தார். பாடி முடிக்க 18 இரவுகள். ஒலிநாடாவில் 38 மணி நேரம். அந்தப் பதிவு முதலில் ஆய்வு நூலாயிற்று, 1992இல் சென்னையில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிராக வைத்த பெரிய பதிப்பாக வந்தது. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் நூலகத்து அலமாரியில் கதை பத்திரமாக இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து கனடாவில் வாழும் ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகத்தோடு சேர்ந்து அதை 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராக்கினார். பெயர், ‘தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா’. சித்திரக்கதைப் புத்தகங்களாகவும் வந்திருக்கிறது.

அந்தத் தொடரைப் பற்றித் தமிழில் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். பெரிய ஸ்டூடியோவின் பணமோ ஆள்பலமோ அதில் இல்லை. அது திரையிலும் தெரிகிறது. உருவங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை, வெட்டி ஒட்டிய படம் அசைவது போல அசைகின்றன. ஆனால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆழமே காட்டாத தட்டை நிறம், அழுத்தமான வெளிக்கோடு, முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண். கோயில் மதிலில் வரைந்த வரிசைப் படங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பவனுக்கு இந்த அசைவு பழக்கமானது. ஒரு படத்தில் நின்று, கதை கேட்டு, அடுத்த படத்துக்கு நகர்வான். தொடரும் அப்படியே நின்று நின்று நகர்கிறது.

பொன்னர் சங்கரின் தாய் தாமரையின் தவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையில்லாத தாமரை, சிவனிடம் வரம் கேட்டு 21 வருடம் தவத்தூண்மேல் இருக்கிறாள். வேகத்தை நம்பும் படம் இதை ஒரு பாட்டுக்குள் அடக்கி முடித்துவிடும். பெக்கும் ரவிச்சந்திரனும் அவசரப்படவில்லை. அதேபோல் பொன்னாச்சி. கொம்பனை வேட்டையாடக் கிளம்பும்போது எல்லா நாயையும் அழைத்தவர்கள் அந்தக் குட்டிப் பெட்டைநாயை மறந்துவிடுகிறார்கள். அவளுக்குக் கோபம் வருகிறது, மற்ற நாய்களெல்லாம் நோயில் விழுகின்றன. மன்னிப்புக் கேட்டு அவளைக் கூட்டிப்போன பிறகுதான் பன்றி சாய்கிறது. ஒரு வீர காவியத்தின் பெரிய வெற்றியை, வீட்டில் மறந்துவிட்ட மிகச் சிறியவளிடம் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத ஆதிக் கதைசொல்லியை நான் வணங்குகிறேன். தொடர் அந்த இடத்தைச் சிதைக்காமல் காப்பாற்றியிருக்கிறது.

தொடரில் குறையும் உண்டு. உடுக்கையின் ‘ஆமா’ காணாமல் போய்விட்டது. கதை சொல்லும் குரல் தனியாக நிற்கிறது. கேட்பவர் யாரும் உள்ளே இல்லை. பின்பாட்டுக்காரருக்கு ஈடாக ஓர் உத்தியைக் கண்டுபிடித்திருந்தால் தொடர் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

இதே கதையை மு. கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ என்று நாவலாக எழுதினார். 2011இல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்துப் படமாகவும் வந்தது. அரண்மனை, போர், ஆடம்பரம் எல்லாம் இருந்தன. உழவர் குடும்பத்துக் கதை ராஜா கதையாகிவிட்டது. மண்வெட்டியும் வரப்பும் போன இடத்தில் கொம்பன் எதை அழிக்க வருவான்?

எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு அயர்லாந்தில் மிக அழகாகப் பதில் சொன்னவர்கள் கில்கெனி என்ற சிறு நகரத்தில் இருக்கிறார்கள். டாம் மூர், நோரா டூமி, பால் யங் மூவரும் 1999இல் தொடங்கிய கார்ட்டூன் சலூன் என்ற ஸ்டூடியோ அது. டாம் மூர் இயக்கத்தில் அயர்லாந்தின் பழங்கதைகளை வைத்து மூன்று படங்கள்: 2009இல் ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’, 2014இல் ‘சாங் ஆஃப் தி சீ’, 2020இல் ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’. மூன்றும் ஆஸ்கர் பரிந்துரை வரை போயின. உலகமே முப்பரிமாணக் கணினி அனிமேஷனுக்குத் தாவிய காலத்தில் இவர்கள் தட்டையாக வரைந்தார்கள்.

முதல் படம், ‘புக் ஆஃப் கெல்ஸ்’ என்ற பழைய சுவடி உருவாவதைப் பற்றியது. அந்தச் சுவடியின் பக்கங்களில் அருகில், தூரத்தில் என்ற கணக்கே கிடையாது. எல்லாம் ஒரே தளத்தில் பின்னிப் பிணைந்து கிடக்கும். படத்தையும் அப்படியே வரைந்தார்கள். மேசையின் மேற்பரப்பு நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும், காட்டு மரங்கள் ஏட்டின் ஓரச்சித்திரம் போல வளைந்து சட்டம் கட்டும். பழைய தெய்வமான குரோம் குருவாக்கை எதிர்கொள்ளும் காட்சியில், அந்தப் பாம்பு வெறும் கோணக் கோடாக நெளிகிறது. சிறுவன் பிரெண்டன் அதோடு மோதுவதற்குச் சுண்ணக்கட்டியால் கோடு கிழிக்கிறான். சுவடி எழுதப் பழகும் பையன் கோட்டாலேயே தெய்வத்தைக் கட்டுகிறான்! கதையின் பொருளும் வரைந்த முறையும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அனிமேஷன் பார்த்த காலமெல்லாம் இதற்கு நிகரான கணங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ இன்னும் ஒரு படி மேலே. 1650இன் கில்கெனி. ஆங்கிலேய ஆட்சி ஊரை மதில் கட்டி நெருக்குகிறது, காட்டையும் ஓநாயையும் அழிக்கச் சொல்கிறது. ஊர் வரும் காட்சியெல்லாம் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது போன்ற கனத்த, கோணலான கறுப்புக்கோடு. அடைபட்ட கட்டங்கள். காட்டுக்குள் போனதும் கோடு தளர்கிறது. ஓவியன் முதலில் போட்டுப் பார்த்த பென்சில் கீறல்களைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓநாயாக மாறும் பெண்ணைச் சுற்றி அந்தக் கீறல்கள் மூச்சு விடுகின்றன. ஆட்சி எது, விடுதலை எது என்று வசனம் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

‘சாங் ஆஃப் தி சீ’ படத்தில் வரும் ஒரு கதைசொல்லிக் கிழவரையும் சொல்லாமல் போக மனமில்லை. அவருடைய நீண்ட முடியில் ஒவ்வொரு இழையும் ஒரு கதை. ஒரு முடி அறுந்தால் ஒரு கதை போயிற்று. கடல்நாய்த் தோல் போர்த்தால் கடல்நாயாகவும் கழற்றினால் பெண்ணாகவும் வாழும் செல்கி என்ற இனத்தைப் பற்றிய படம் அது. ஆனாலும் என் மனத்தில் தங்கியவர் அந்தக் கிழவர்தான்.

இவர்களுக்கு முன்பே ஒருவர் இந்த வழியில் போயிருக்கிறார். லூயி லெ புரோக்கி என்ற ஓவியர். தாமஸ் கின்செல்லா மொழிபெயர்த்த ‘தி டாய்ன்’ காவியத்துக்கு 1969இல் அவர் போட்ட படங்கள் தூரிகையும் கறுப்பு மையும் மட்டுமே. மாடுகளைக் கவரப் போகும் படை அதில் மையின் தெறிப்பாகத் தெரியும். முகம் இல்லை, கவசம் இல்லை. எழுபதுகளில் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் அயர்லாந்தின் பழந்தெய்வங்களைப் பளபளக்கும் நிறத்தில், உடம்பெல்லாம் பின்னல் வேலைப்பாட்டோடு வரைந்து பெரும்புகழ் பெற்றார். அவருடைய கைத்திறனை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பின்னல், சட்டையில் போட்ட பூ வேலையாக நின்றுவிடுகிறது. லெ புரோக்கியின் மைப்பொட்டில் நான் குளம்புச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

நம்மிடம் கறுப்பு மையை அந்த அளவுக்கு நம்பியவர் திருச்சிச் சீமையின் கீழக்குறிச்சியில் 1938இல் பிறந்த கே. எம். ஆதிமூலம். அவருடைய அரசர் வரிசைக் கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிரீடமும் நகையும் மீசையும் பேனாக் கீறலில் திரண்டு எழும். கிட்டப்போனால் அரசன் கரைந்து கீறல் மட்டும் மிஞ்சும். கோயில் கல்லில் மழையும் எண்ணெயும் பட்டுப்பட்டு முகம் தேய்ந்த வீரர்களை அவர் வெகுநேரம் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சென்னையை அடுத்த சோழமண்டலத்தில், கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் அமைத்த ஓவியர் கிராமத்தின் சிற்பிகளும் இந்தக் கணக்கில் வருவார்கள். பி. வி. ஜானகிராம் செப்புத்தகட்டைத் தட்டித் தெய்வம் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துப் புராண உருவங்களை எழுப்பினார். இருவருடைய உருவங்களும் முன்னிருந்து பார்க்கச் செய்தவை. சுற்றி வந்து பார்க்கவேண்டும் என்ற மேற்கத்திய சிற்ப விதியை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். பாடாலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் சிறுவாச்சூர் இருக்கிறது.

அங்கே மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறப்பதால் மற்ற நாளில் ஊர் அமைதியாக இருக்கும். மதுரையை எரித்த கண்ணகிதான் சினம் தணியாமல் இங்கே வந்தாள் என்று சொல்வார்கள். அதற்கு முன் அங்கிருந்த செல்லியம்மன் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். அந்த மலைப்பக்கத்தில்தான் பெரியசாமியும் பரிவாரங்களும் பெரிய பெரிய உருவங்களாக இருந்தார்கள். விழி பிதுங்க, மீசை காதைத் தொட, வந்தவனை நேராகப் பார்த்துக்கொண்டு. நம் குலசாமி உருவங்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று தேவைப்படுவதே இல்லை. அவர் நம்மைப் பார்க்கிறார், நாம் அவரைப் பார்க்கிறோம். சிற்பம் முழுக்க அந்தப் பார்வைக்குள் முடிந்துவிடுகிறது. அதனால்தான் மண்ணுருவம் செய்யும் வேளார் எல்லா வேலையும் முடித்துக் கண்ணைக் கடைசியில் திறக்கிறார். மணலும் உமியும் கலந்து மிதித்த களிமண்ணை வளையம் வளையமாக ஏற்றி, உள்ளே கூடாக விட்டு, சூளையில் வெடிக்காமல் சுட்டெடுக்கும் அத்தனை நுட்பமும் அந்த ஒரு பார்வைக்காகத்தான். நந்தகோபாலின் பித்தளையில் அந்தப் பார்வை உயிரோடு இருக்கிறது.

2021இல் பெரியசாமி மலைச் சிலைகளை உடைத்துப்போட்டார்கள். செய்தித்தாளில் அந்தப் படங்களைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. கோயில் சிலை உடைந்ததாக மட்டுமே அதைப் பலரும் பேசினார்கள். ஒரு பெரிய சிற்ப மரபின் நேரடிச் சான்று உடைந்தது என்று கலை பற்றி எழுதுபவர்களும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இதையொத்த ஒன்று அயர்லாந்தின் கிளேர் பகுதியிலும் நடந்தது. லாட்டூன் என்ற இடத்தில் வயலுக்கு நடுவே ஒரு ஹாதார்ன் முள்மரம். கெர்ரிப் பக்கத்துத் தேவதைகள் கொனாக்ட் தேவதைகளோடு சண்டைக்குப் போகும்போது அங்கே கூடுவார்கள் என்பது ஊர்ப்பேச்சு. 1999இல் புதிய நெடுஞ்சாலை அந்த மரத்தின்மேல் போவதாக இருந்தது. எடி லெனிகன் என்ற கதைசொல்லி நாளிதழுக்குக் கடிதம் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்த தேவதைக் கதைகளே அவர் கையிலிருந்த ஆவணம். சாலை வளைந்து கொடுத்தது, மரத்துக்கு வேலி போட்டார்கள். 2002இல் யாரோ இரவோடு இரவாக மரத்தின் கிளைகளை அறுத்தார்கள். அது மறுபடி துளிர்த்தது.

லெனிகன் அவைக்கு வந்து கதை சொல்வதைப் பதிவுகளில் பார்த்தால் அவரும் உடுக்கைப் பாடகரின் இனம் என்று தெரியும். கதை எந்த ஊரில், யார் வீட்டுக்குப் பின்னால், எந்த வளைவில் நடந்தது என்று இடத்தை நட்டுவிட்டுத்தான் மேலே போவார். இடம் உறுதியானால் அதிசயம் தானாக நம்பும்படி ஆகிவிடுகிறது. வீரமலை, வளநாடு, படுகளம் என்று பாடகர் நிலத்தைக் கட்டுவதும் இதே வேலைதான். மாசித் திருவிழாவில் அந்தப் படுகளத்தில் இளைஞர்கள் அருள் வந்து செத்தவர்களாக விழுந்து, தண்ணீர் தெளித்த பிறகு எழுகிறார்கள். கதை நடந்த மண்ணே மேடை.

பாடாலூர் நெடுஞ்சாலை ஊர். சாலை அகலமானபோது ஓரத்துப் புளியமரங்கள் போனதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. பூமலை சஞ்சீவிராயர் மட்டும் குன்றின்மேல் இருப்பதால் எந்தச் சாலையும் அவரைத் தொடவில்லை. அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு இங்கே விழுந்தது என்ற கதையும் குன்றோடு சேர்ந்து நிற்கிறது. கிழக்கே காரை, சாத்தனூர்ப் பக்கம் போனால் கடல் கிடந்த காலத்துச் சங்குச் சுருள்கள் ஓடையில் கல்லாகக் கிடக்கும். சாத்தனூரில் ஒரு மரமே 18 மீட்டர் நீளக் கல்லாகிப் படுத்திருக்கிறது. இத்தனையும் இருக்கும் மண்ணிலிருந்து மதுரகாளி செல்லியம்மனிடம் இடம் கேட்ட கதையை யாராவது ஓர் இளம் ஓவியர் அனிமேஷனாக வரையவேண்டும் என்பது என் பேராசை. வரைபவர் பெரியசாமியின் விழியிலிருந்து தொடங்கட்டும். உருவங்கள் பக்கவாட்டில் நடந்து வரட்டும். தெய்வமாகும் கணத்தில் மட்டும் நேராகத் திரும்பிப் பார்க்கட்டும். பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’வையும் மறக்காமல் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அதுவரை பார்க்க இருப்பவை கொஞ்சம் இல்லை. பிள்ளைகளோடு உட்காருபவர்கள் ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ முதலில் பார்க்கலாம், அடுத்த நாளே பொன்னிவளாவுக்கு வரலாம். அதில் முதல் பகுதியிலிருந்து வரிசையாகப் போக நேரமில்லாதவர்கள் பொன்னாச்சி கோபித்துக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்கினாலும் கதை பிடிபடும். வீரப்பூருக்குப் போவதானால் மாசி மாதத்தில் போங்கள். வேடபரி என்ற திருவிழா நாளுக்கு முந்தைய இரவே போய்விட்டால் உடுக்கையைக் கிட்ட நின்று கேட்கலாம்.